விட்டதும் பற்றியதும்

நெய்தல் நிலத்திற்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்தது நம் பழைய இலக்கணம். அவ்வாறு வகுத்தவர்கள் கடற்கரை வாழ்க்கையை அருகிருந்து கண்டவர்களாக இருத்தல் வேண்டும். கட்டுமரம் ஏறிச் சென்றவன் பொழுதுக்குள் மீள்வான் என்று எவரும் உறுதி கூற இயலாது. வலை நிறைவதும் வெறுமையாவதும் வலைஞன் கையில் இல்லை. பொம்மையார்பாளையத்திலிருந்து வடக்கே மரக்காணம் வரை நீளும் கரையில் மீன்பிடித்தலோடு உப்பு விளைத்தலும் பழந்தொழில். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. உமணரின் உப்பு வண்டியும், அதனுடன் வரும் மந்தியும், அம்மந்தியோடு விளையாடும் உமணச் சிறாரும் அந்நூலில் இடம்பெற்றுள்ளமை அன்பர்கள் அறிந்ததே.

உப்பளத் தொழிலைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். வரப்புக் கட்டுதல், பாத்தியை மிதித்துச் சமன் செய்தல், உவர்நீரைப் பாய்ச்சுதல் ஆகியவை தொழிலாளியின் கடன். அதன்பின் நீரை உப்பாக்குவது வெயிலும் காற்றும். அவன் காத்திருக்க வேண்டும். பூத்த உப்பைப் பொழுதறிந்து வார வேண்டும். பருவந்தப்பிய ஒரு மழை போதும், பல நாளைய உழைப்புக் கரைந்தோட. தன் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்னும் பாகுபாட்டை அவன் நூல் வழியே கற்பதில்லை; ஒவ்வோர் ஆண்டும் பாத்தியிலேயே கற்கிறான்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயலும் இக்கரையைத் தாக்கின. இத்தகைய வேளைகளில் எல்லாச் சமயத்தாரும் இறைவனை நோக்கிக் கைகூப்புகின்றனர். கிறித்தவர்கள் இந்நிலையைக் குறிக்கக் ‘கையளித்தல்’, ‘ஒப்புக்கொடுத்தல்’, ‘திருவுளத்திற்கு அமைதல்’ முதலிய சொற்களை வழங்குவர். ஆறுதல் தரும் சொற்கள் இவை. ஆயினும், இவற்றைச் சொல்பவர் யார், எதனைக் கையளிக்கச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து இவற்றின் பொருள் பெரிதும் மாறிவிடுகிறது. தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் மூவர் வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராயலாம். ஒருவர் அரண்மனை அலுவலர். ஏனை இருவர் புலவர்.

யோபுவின் கதை கேட்டவர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அலுவல் பார்த்தவர். செல்வமும் செல்வாக்கும் உடைய குடியினர். 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றபோது சிறைப்பட்ட யூஸ்டேசியஸ் டி லனாய் என்னும் படைத்தலைவர், பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுத் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்து வந்தார். அவருக்கும் நீலகண்டனுக்கும் நட்பு உண்டாயிற்று.

அக்காலத்தில் நீலகண்டனின் இல்லத்தில் துன்பங்கள் தொடர்ந்தன. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, மனம் கலங்கியது. நண்பரிடம் இதனைக் கூறி வருந்தியபோது, டி லனாய் மறுமொழியாக விவிலியத்தின் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று நீலகண்டனின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

யோபுவின் நூல் பழைய ஏற்பாட்டில் தனிச்சிறப்புடையது. 42 அதிகாரங்களில் தொடக்கமும் முடிவும் உரைநடை. இடைப்பட்ட பெரும்பகுதி கவிதை. யோபு நேர்மையாளர். 7000 ஆடுகளும் 3000 ஒட்டகங்களும் உடையவர். ஏழு புதல்வரையும் மூன்று புதல்வியரையும் பெற்றவர். ஒரே நாளில் செல்வமும் மக்களும் போயினர். பின்னர் உடல் முழுதும் புண்ணாகிச் சாம்பலில் அமர்ந்தார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் ஆறுதல் கூற வந்தனர். ஏழு நாளும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் உடன் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்செயல் அதுவே. எட்டாம் நாள் முதல் பேசத் தொடங்கினர். குற்றம் செய்யாமல் துன்பம் வராது, பணிந்து ஏற்றுக்கொள் என்று அறிவுரை அடுக்கினர். யோபு பணியவில்லை. தம் வழக்கை இறைவனிடமே நேரில் உரைக்க வேண்டும் என்று வாதிட்டார். இறுதியில் இறைவன் பேசியபோது யோபுவின் அறியாமையை உணர்த்தினார். ஆயினும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே, நண்பர்கள் அல்லர் என்று தீர்ப்பும் அளித்தார்.

துன்பத்தில் பொறுமை காட்டியவர் என்று மட்டுமே யோபுவைக் கூறுவது வழக்கமாகிவிட்டது. நூலை முழுதும் படிப்பவர்க்கு அவர் பொறுமைசாலியாக மட்டும் தோன்றார். நம்பிக்கையை விடாமலே முறையிட்டவராகத் தோன்றுவார். தமிழர்க்கு அரிச்சந்திரன் கதை நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் அரிச்சந்திரனுக்குச் சொல் தவறாமை ஒன்றே துணை. யோபுவுக்கோ எதிர்நின்று கேள்வி கேட்க ஓர் இறைவன் உண்டு. திருக்குறளின் ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரம் துன்பத்தை எதிர்கொள்ளும் மனவுறுதியைப் பேசுகிறது. யோபுவின் நூல் அவ்வுறுதியோடு அழுகையையும் சினத்தையும் சேர்த்துப் பேசுகிறது. நெய்தலின் இரங்கல் அறிந்தவர்க்கு அது அயலாகத் தோன்றாது.

இக்கதை நீலகண்டனின் உள்ளத்தில் இறங்கியது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இயேசு சபைத் துறவி புத்தாரி அடிகளாரிடம் 1745 மே 14ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். ‘லாசரு’ என்னும் பெயர் தமிழில் ‘தேவசகாயம்’ ஆயிற்று. இறைவனே துணை என்பது அதன் பொருள். அவர் மனைவியும் ஞானப்பூ என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். யோபு இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தன என்று நூலின் முடிவு கூறும். தேவசகாயத்திற்கு அவ்வாறு நிகழவில்லை. சமயம் மாறியபின் அவர் துன்பம் பெருகிற்று. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகியமையும் எல்லாரும் ஒன்றே என வற்புறுத்தியமையும் உயர்நிலையில் இருந்தோர் பகையை வளர்த்தன. 1749 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். சமயம் மாறியதே காரணம் என்பது திருச்சபையின் துணிபு. அரசியற் காரணங்களே முதன்மை என வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். அவர் பட்ட பாடுகளைப் பற்றி ஊர்தோறும் மரபுச் செய்திகள் வழங்குகின்றன. எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமையின் மீது பின்னோக்கி அமர்த்தி, ஊரூராக இழுத்துச் சென்றனர் என்பர். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தனர் என்பர். புலியூர்க்குறிச்சியில் நாவறண்டு முழங்கையால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்று கூறி, ‘முட்டிடிச்சான் பாறை’ என இன்றும் ஒரு பாறையைக் காட்டுவர். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு தூய சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பெற்றது.

இம்மூன்றாண்டில் அவர் கையளித்தவை பல: பதவி, உடைமை, உறவினர் மதிப்பு, உடல்நலம், இறுதியாக உயிர். கையளிக்க மறுத்தது ஒன்றே. அது தாம் கண்ட உண்மை. பழைய நிலைக்கு மீண்டிருந்தால் எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். ஆகவே அவருடைய கையளிப்பைச் செயலற்ற பணிவு என்று கொள்ளுதல் பொருந்தாது. எதைப் பற்ற வேண்டும் என்று தெளிந்தமையால் ஏனையவற்றை விட அவரால் இயன்றது.

கன்னியாகுமரிப் பகுதியிலும் ஈழத்து வடபுலத்துக் கத்தோலிக்க ஊர்களிலும் அவர் வரலாறு நாடகமாகவும் கூத்தாகவும் ஆடப்பட்டது. ஏட்டில் எழுதுமுன்பே மக்கள் அவரைப் பாட்டில் ஏற்றினர். 2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் என்றும், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் என்றும் அறிவிக்கப்பெற்றார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலை பெற்ற முதல்வர் அவரே. அதற்கு முன், 2020இல், அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப்பெயர் பலருடைய வேண்டுகோளின்பேரில் நீக்கப்பட்டது. தாம் வாழ்நாளில் துறந்த ஒன்று, தம் பெயரிலிருந்து நீங்க 268 ஆண்டுகள் பிடித்தன.

நீக்கப்பட்ட கவிராயர்

அவர் மறைந்து 22 ஆண்டுகள் கழித்து, 1774 செப்டம்பர் 7ஆம் நாள், திருநெல்வேலியில் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். இவர் தந்தையார் கிறித்தவரானபின் ஏற்ற பெயரும் தேவசகாயம் என்பதே. அப்பெயர் ஒற்றுமை தற்செயலானது. இவர் குடும்பம் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தது. பன்னிரண்டு வயதளவில் இவரைச் சுவார்ட்சு ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சு ஐயரின் பாதுகாப்பில் கற்றவர். இருவரும் இளமைத் தோழர்.

‘பெத்லகேம் குறவஞ்சி’, ‘ஞானத்தச்ச நாடகம்’ முதலாக நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைச் சாஸ்திரியார் இயற்றினார். குறவஞ்சி, நொண்டி, அம்மானை, கும்மி, தாலாட்டு என மக்கள் வழக்கில் இருந்த இலக்கிய வகைகளில் கிறித்தவப் பொருளைப் பாடினார். சுவிசேடக் கவிராயர் என்று சபையார் அவரைப் போற்றினர். மிஷன் பள்ளியில் ஆசிரியப் பணியும், பாடிப் பொருள் விரிக்கும் தொண்டும் அவர்க்கு வாழ்வாயின.

1798இல் சுவார்ட்சு ஐயர் மறைந்தார். அடுத்த தலைமுறை மிஷனரிகள் 1820களில் தஞ்சைச் சபையில் புதிய ஒழுங்குகளைக் கொணர்ந்தனர். சாஸ்திரியார் அவற்றைக் கடுமையாக எதிர்த்தார். அவர் முறையீடுகள் நான்கு பொருள் பற்றியவை. பழகிய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. மணத்திலும் அடக்கத்திலும் பூக்களைத் தடுத்தது மற்றொன்று. தமிழிசைப் பாடல்களை வழிபாட்டிலிருந்து விலக்கியது மூன்றாவது. கோயிலில் சாதிவாரியாக அமரும் முறையை ஒழித்து எல்லாரையும் ஒன்றாக அமரச் செய்தது நான்காவது.

பூசல் முற்றியது. 1820களின் இறுதியில் சாஸ்திரியார் மிஷன் பணியை இழந்தார். ஐம்பத்தைந்து வயதை எட்டும் நிலையில் ஒரு புலவருக்கு வாழ்வாதாரம் போயிற்று. இளமைத் தோழரான சரபோசி மன்னர் அவரை அரசவையில் அமர்த்தி ஆதரித்தார். அவ்வாதரவும் நீடிக்கவில்லை, 1832இல் மன்னர் மறைந்தார். அதன்பின் 32 ஆண்டுகள் சாஸ்திரியார் வாழ்ந்தார். ஊர்தோறும் சென்று குடும்பத்தாருடன் தம் நூல்களைப் பாடி விரித்துரைத்தும், அன்பர் அளிப்பனவற்றைக் கொண்டும் வாழ்க்கை நடந்தது. 1864 ஜனவரி 24ஆம் நாள் தஞ்சையில் காலமானார்.

அவருடைய ‘செபமாலை’ என்னும் பெருந்தொகையைப் படிப்பவர், இறைவனைத் தந்தையாகவும் காவலனாகவும் அழைத்து முறையிடும் குரலைக் கேட்கலாம். அது குறைவற்ற வாழ்வினர் குரல் அன்று. பணியும் அவையும் போனபின்னரும் அவர்க்குப் பாட்டுப் போகவில்லை. சபை அவரை விட்டதாயினும் அவர் சபையை விடவில்லை, வேறு சமயம் நாடவில்லை, பாடுவதை நிறுத்தவில்லை. காலமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. விலக்கப்பட்ட பாட்டு வழிபாட்டுக்குள் மீண்டது. இன்று தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் அவர் பாடல் ஒலிக்காத ஞாயிறு அரிது. அப்போது அவர் பணிந்து வாய் மூடியிருப்பின், கிறித்தவ வழிபாட்டில் தமிழிசையின் இடம் மேலும் சுருங்கியிருக்கும்.

எனினும் வரலாறு முழுமையையும் கூற வேண்டும். பாட்டுக்காகவும் பூவுக்காகவும் மொழிக்காகவும் வாதிட்ட அதே ஆற்றலோடு அவர் சாதிவாரி இருக்கைக்காகவும் வாதிட்டார். நான்கையும் ஒரே வகைக் கொடுமை என எண்ணினார். இங்கேதான் கையளிப்பின் சோதனை இருக்கிறது. வேலையையும் வருவாயையும் இறைவன் கையில் விட்டவர்க்குப் பிறப்பால் வந்த இடத்தை விட இயலவில்லை. பிறர் பறித்துக்கொண்டதை விடுவதினும், தம் கையிலேயே உள்ளதைத் தாமே விடுதல் அரிது. அவர் காலத்துச் சபையிலும் அது பலர்க்கு அரிதாகவே இருந்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே முற்றாகக் கைவிடப்படல் வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்காமல் விலகி நின்றனர்.

கத்தோலிக்கர் நிலையும் வேறன்று. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த கோயில் இரண்டு கிளைகளாக அமைந்தது. ஒரே பீடத்தை நோக்கியிருந்த அக்கிளைகளில் சாதிவாரியாக மக்கள் பிரிந்து நின்று வழிபட்டனர். அத்தடுப்பு 1910இல்தான் நீக்கப்பட்டது. எல்லாரும் ஒன்றென்று கூறி உயிர் நீத்தவரின் ஞானத்தாயகத்தில் இவ்வாறு நிகழ்ந்தது என்பது எண்ணி எண்ணி வருந்தத்தக்கது.

தடுப்பிற்கு அப்பால் நின்றவர்களின் பாடல்களோ முறையீடுகளோ தொகுக்கப்பட்ட நூல்களில் அருகியே காணப்படுகின்றன. ‘பொறுத்திரு, இறைவன் பார்த்துக்கொள்வார்’ என்னும் மொழி அவர்களை நோக்கி எத்தனை முறை கூறப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். யோபுவின் நண்பர்கள் பேசிய மொழியும் அதுவே. மொழி ஒன்றே, ஆயினும் சாம்பலில் அமர்ந்திருப்பவர் கூறும்போது அது நம்பிக்கை. எதிரே நலமாக அமர்ந்திருப்பவர் கூறும்போது அது சுமை.

சிறையில் தொடங்கிய பயணம்

மூன்றாமவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரத்துக் கல்விநிலையத்தில் தமிழாசிரியரானார், 1858இல் கிறித்தவரானார். ஜான் பனியனின் ‘மோட்சப் பயணம்’ என்னும் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தைப் படைத்தார். 3700க்கும் மேற்பட்ட பாடல்களை உடைய அந்நூல் ‘நற்போதகம்’ இதழில் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. அப்போது புலவருக்கு வயது 67. 1900இல் காலமானார்.

மூலநூலின் பிறப்பையும் நினைவுகூர்தல் நலம். பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியும் ஓட்டை அடைத்தும் பிழைத்தவர். அரசு ஏற்பில்லாமல் சமயம் போதித்தார் என்று 1660இல் பெட்போர்டு நகரில் சிறைப்பட்டார், போதிப்பதை விட்டுவிட உறுதியளித்தால் விடுதலை என்றனர், மறுத்தார், 12 ஆண்டுகள் சிறையிலிருந்தார். வீட்டில் மனைவியும் மக்களும் இருந்தனர். மூத்த மகள் பார்வையற்றவள். அவர்களைப் பிரிந்தமையால் தாம் பட்ட வேதனையை, குறிப்பாக அம்மகளை நினைந்து கலங்கியதைத் தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். அவர்களை இறைவன் கையில் ஒப்படைத்தேன் என்று கூறியதோடு அமையவில்லை. காலணி நாடாக்களின் முனையில் உலோகக் குப்பி பொருத்தும் வேலையைச் சிறையிலேயே செய்து, விற்று, குடும்பத்திற்கு உதவினார். ஒப்படைத்த கையே உழைத்த கையுமாயிற்று. விதியை நம்பிச் சோர்ந்திருத்தலுக்கும் இறைவனை நம்பி அமைதலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவருடைய கதையில் பயணியின் முதுகில் ஒரு சுமை கட்டப்பட்டிருக்கும். சிலுவை நிற்கும் இடத்தை அடைந்ததும் அது தானே அவிழ்ந்து உருண்டு விழும். பயணி அதனை அவிழ்க்கவில்லை. ஆனால் அவ்விடம் வரை நடந்து வந்தவன் அவனே. நடையும் அவனது, விடுதலையோ அவனதன்று. கிருஷ்ணபிள்ளை இக்கதையைத் தமிழாக்கத் தேர்ந்தது வியப்பன்று. அவர் பிறந்த வைணவ மரபில் சரணாகதி பற்றிய வாதம் பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்தது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல் உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கொள்கை. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே உயிரைக் கொண்டு செல்வான் என்பது தென்கலையார் கொள்கை. மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் என்று இவற்றைக் கூறுவர். மேலைக் கிறித்தவத்திலும் அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவு பற்றி இதனையொத்த வாதம் உண்டு. ஆகவே கையளித்தல் என்னும் கருத்துக் கப்பலேறி வந்த புதுப்பொருள் அன்று. இம்மண்ணில் அதற்குச் சொல்லும் உவமையும் முன்னரே இருந்தன. கிருஷ்ணபிள்ளை சமயத்தை மாற்றிக்கொண்டார்; கம்பனிடம் கற்ற யாப்பையும் ஆழ்வார்கள் வளர்த்த நெகிழ்ச்சியையும் விட்டாரில்லை. விட வேண்டியது எது, விடலாகாதது எது என்னும் தேர்வை அவர் காப்பியமே காட்டுகிறது. கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரை அழைப்பது அத்தேர்வுக்குக் கிடைத்த மதிப்பு.

முறையீடும் கையளிப்பும்

மூவர் வாழ்வையும் ஒருங்கு வைத்து நோக்கினால் சில தெளிவுகள் பிறக்கின்றன.

முதலாவது, கையளித்தல் முறையீட்டிற்குப் பின் வருவது. இயேசு சிலுவையில் தம் ஆவியைத் தந்தையின் கைகளில் ஒப்படைத்தார் என்று லூக்கா எழுதிய நற்செய்தி கூறுகிறது. ஆனால் அதற்கு முன்னிரவு, கெத்சமனித் தோட்டத்தில், இத்துன்பம் தம்மைவிட்டு நீங்கலாகாதா என்று அவர் வேண்டினார். வேண்டியபின்னரே தந்தையின் விருப்பத்திற்கு அமைந்தார். யோபுவும் வாதிட்டபின்னரே அமைந்தார். அழுகையைத் தடுத்துவிட்டு அமைதியைக் கேட்பது முறையன்று.

இரண்டாவது, கையளிப்பு உழைப்பை ஒழிப்பதில்லை. தேவசகாயம் சிறையிலும் தம் நிலையை விட்டுக்கொடாமல் நின்றார். சாஸ்திரியார் பாடிக்கொண்டே ஊர் சுற்றினார். பனியன் நாடா செய்தார். கிருஷ்ணபிள்ளை இதழ்தோறும் பாட்டு எழுதினார்.

மூன்றாவதே முதன்மையானது. கையளிப்பு என்னும் சொல், துன்புறுகின்றவர் தம்மைக் குறித்துத் தாமே கூறுவதற்கு உரியது. பிறர் துன்பத்தைக் கண்டு நலமாக இருப்போர் கூறுவதற்கு உரியதன்று. அவர்கள் கூற வேண்டுமாயின், தம் கையில் உள்ளதைத் தாம் விட்டுக் காட்டியபின் கூறட்டும். சபைக்குள் உயர்ந்தோராய் இருந்தவர் தம் இருக்கையை விடாமல், தாழ்த்தப்பட்டோர்க்குப் பொறுமையைப் போதித்த காலம் நம் வரலாற்றில் உண்டு. அதனை மறைக்காமல் ஏற்பதும் ஒருவகைக் கையளிப்பே.

கவிதை எழுதுவோர்க்கும் இதில் பாடம் உண்டு. துன்பத்தைப் பாடும் கவிஞன் யோபுவாகவும் இருக்கலாம். யோபுவின் நண்பனாகவும் ஆகிவிடலாம். பேசாமல் ஏழு நாள் உடன் அமர்ந்திருந்த வரையில் அந்நண்பர்கள் நல்லவர்களே. அவ்வளவு நாள் உடனிருந்து கேட்ட பின்னரே எழுதத் தொடங்கும் கவிதை பிழைபடுதல் அரிது.

உப்பளத்தில் மழை பெய்துவிட்ட மறுநாள், தொழிலாளி கரைந்த உப்பைக் குறித்து வருந்துகிறான். கூலி இழந்த நாள்களுக்கு உதவி கேட்கிறான். அது நம்பிக்கைக் குறைவு அன்று, அவன் உரிமை. பின்னர் மண்வெட்டியை எடுத்து உடைந்த வரப்பைத் திருத்துகிறான். கலங்கிய நீரை வடித்துவிட்டு மீண்டும் உவர்நீர் பாய்ச்சுகிறான். வெயிலை அவன் வரவழைக்க இயலாது. வரும் என்று நம்பிப் பாத்தியை ஆயத்தம் செய்கிறான். அவனிடம் சென்று ‘எல்லாவற்றையும் இறைவனிடம் விட்டுவிடு’ என்று கூற விரும்புவோர், முதலில் அவனுடன் பாத்தியில் இறங்கி வரப்புக்கு ஒரு கூடை மண் சுமந்தால் அச்சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.